மெழுகுறைக்குள் மருந்து: பீங்கான் ஊரில் காசநோயைப் பற்றி

விருத்தாசலத்துப் பீங்கானுக்கு அடிப்படைச் சரக்கு மூன்று: வெள்ளைக் களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ். இவற்றைத் தண்ணீர் விட்டு, பால் மில் என்ற குண்டுகள் உருளும் அரவை இயந்திரத்தில் அரைத்து, அந்தக் குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். காய்ந்ததை எடுத்து ஓரம் தேய்த்துச் சூளையில் சுடுகிறார்கள். கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு பூசாத துண்டு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், சாயத்தையும் உறிஞ்சும். கிளேஸ் பூசிச் சுட்டது எதையும் உள்ளே விடாது. காசநோய்க் கிருமியும் கிட்டத்தட்ட அப்படி ஒரு பூச்சோடு வாழ்கிற உயிர்தான். அதைச் சுற்றியிருக்கும் மெழுகுத்தன்மையுள்ள உறையைக் கடப்பது எப்படி, அதைக் கட்டவிடாமல் தடுப்பது எப்படி என்ற இரண்டு கேள்விகளிலேயே எண்பது ஆண்டுக் கால மருந்து ஆராய்ச்சியின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது.

இந்த ஊரில் மூன்றாவதாக ஒரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கிறது. பீங்கானுக்கு உறுதி தரும் குவார்ட்ஸ், பொடியாக மூச்சில் போனால் நுரையீரலுக்கு எதிரி. தூசு படிந்து தழும்பேறிய நுரையீரலில் அதே மருந்து வழக்கமான அதே ஆறு மாதத்தில் அதே வேலையைச் செய்யுமா? இதற்கு மிகத் தெளிவான பதிலைத் தந்த ஆய்வில் சென்னைக்கும் பங்கு உண்டு. நம் ஊர்களில் அது போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம்.

முதலில் கிருமி. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் காக் காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அதற்கு முன் யார் கண்ணிலும் படாமல் போனதற்கு இந்த உறையும் ஒரு காரணம். வழக்கமான சாயங்கள் அதில் ஏறவில்லை. அடுத்தடுத்து எர்லிக், சீல், நீல்சன் ஆகியோர் வழி கண்டார்கள். கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தைச் சூடு காட்டி ஏற்றினால் கிருமி சிவக்கும். பிறகு அமிலத்தால் கழுவினாலும் அந்தச் சிவப்பு போகாது. நம் அரசு ஆய்வகங்களில் சளிப் பரிசோதனைக்கு 25 சதவீதக் கந்தக அமிலத்தால் கழுவி, நீலச் சாயம் பூசி, நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளைத் தேடுவது இந்த முறையில்தான். இன்று ட்ரூநாட், சிபிநாட் கருவிகள் மரபணுவையே தேடுகின்றன. ஆனாலும் மருந்து வேலை செய்கிறதா என்று இடையில் பார்க்க, சளித் தடவலை நுண்ணோக்கியில் பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது.

அமிலத்துக்கும் அசையாத இந்தக் குணம் எங்கிருந்து வருகிறது? உள்ளிருந்து வெளியே போனால் முதலில் எல்லாச் செல்களுக்கும் இருப்பது போன்ற செல் சவ்வு. அதன்மேல் பெப்டிடோகிளைகன் வலை. அதன்மேல் அரபினோகேலக்டன் என்ற சர்க்கரைக் கிளைகள். அந்தக் கிளைகளின் நுனியில் மைக்கோலிக் அமிலங்கள் தொங்குகின்றன. நம் உடலின் கொழுப்பு அமிலங்களில் பொதுவாக 16 அல்லது 18 கார்பன்கள்தான் இருக்கும். மைக்கோலிக் அமிலத்தில் 60 முதல் 90 வரை. இவை நெருக்கமாக அடுக்கப்பட்டு, வெளிப்புறக் கொழுப்புகளோடு சேர்ந்து இரண்டாவது சவ்வாகவே அமைந்துவிடுகின்றன. அப்படி ஒரு வெளிச்சவ்வு உண்டா என்பது நெடுநாள் விவாதமாக இருந்தது. 2008இல் கிருமிகளை உறைநிலையில் வைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது அது நேரடியாகவே தெரிந்தது. இந்தக் கிருமி ஒரு முறை இரட்டிக்க ஏறத்தாழ 20 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது, ஈ. கோலை கிருமிக்கு 20 நிமிடம் போதும். மெதுவாக வளர்வதாலும், வளராமல் கிடக்கும் திறனாலும், வளரும் கிருமியை மட்டும் தாக்கும் மருந்துகளிடமிருந்து தப்பிவிடுகிறது.

பென்சிலின் ஏன் பலிக்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் இங்கேயே இருக்கிறது. உறைக்குள் அது மெதுவாகத்தான் நுழையும். நுழைந்த கொஞ்சத்தையும் கிருமி சுரக்கும் பீட்டா லாக்டமேஸ் என்சைம் உடைத்துவிடும். அந்த என்சைமை கிளாவுலனேட் கொண்டு முடக்கி, மெரோபெனமைச் சேர்த்தால் கிருமி சாகிறது என்று 2009இல் காட்டினார்கள். பெப்டிடோகிளைகன் வலையும் தாக்கக்கூடிய இலக்குதான் என்பது அதிலிருந்து தெரிந்தது. ஆனால் இது ஊசி வழி மருந்து. கிராமத்து நோயாளிக்கு மாதக்கணக்கில் கொடுக்க முடியாது.

1943இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ், வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் பிரித்தெடுத்த ஸ்ட்ரெப்டோமைசின் முதல் வெற்றி. அது தாக்குவது சவ்வை அல்ல, உள்ளே புரதம் செய்யும் ரைபோசோமை. ஆனாலும் சவ்வைக் கடந்துதான் அங்கே போக வேண்டும். தனியாகக் கொடுத்தபோது சில மாதங்களில் கிருமிகள் எதிர்ப்பு பெற்றன. ஒரே மருந்தை நம்பக் கூடாது என்ற பாடம் அப்போதே கிடைத்துவிட்டது. இன்றும் கடையில் ஏதோ ஒரு மாத்திரையை வாங்கிச் சில நாள் போட்டுவிட்டு நிறுத்துகிறவர்களைப் பார்க்கும்போது, அந்தப் பாடம் எல்லாரையும் சென்று சேரவில்லை என்று தெரிகிறது.

உறையை நேரடியாகத் தாக்கும் மருந்துகளில் தலையாயது ஐசோனியாசிட். 1912இல் பிராகாவில் முதலில் செய்யப்பட்ட வேதிப்பொருள். நாற்பது ஆண்டு யாரும் தொடவில்லை. 1952இல்தான் அது காசநோய்க்கு மருந்து என்று தெரிந்தது. மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் உறைக்குள் எளிதாகப் புகுந்துவிடுகிறது. ஆனால் உள்ளே போகும்போது அது மருந்தே அல்ல. கிருமியின் கேட்-ஜி என்ற என்சைம்தான் அதை மருந்தாக மாற்றுகிறது. மாறியதும் அது என்.ஏ.டி. மூலக்கூறோடு இணைந்து, மைக்கோலிக் அமிலத்தைக் கட்டும் இன்-எச்.ஏ. என்சைமில் போய் அமர்ந்துவிடுகிறது. பூச்சு வேலை நின்றுபோகிறது. ஐசோனியாசிட் பட்ட கிருமிகள் சீல்-நீல்சன் சாயத்தைப் பிடித்துவைக்கும் குணத்தை இழக்கின்றன என்பதைப் பழைய ஆய்வாளர்களே கவனித்திருந்தார்கள். மருந்து எங்கே அடிக்கிறது என்பதற்கு அது நல்ல சான்று. கேட்-ஜியின் பங்கு 1992இலும், இன்-எச்.ஏ.வின் பங்கு 1994இலும் தெரிந்தது. நாற்பது ஆண்டு லட்சக்கணக்கானோரைக் குணப்படுத்திய பிறகே அது எப்படிக் குணப்படுத்துகிறது என்று புரிந்தது. இது மருத்துவத்தில் அரிதல்ல.

கேட்-ஜி மரபணு கெட்டுப்போனால் ஐசோனியாசிட் வெறும் மாத்திரை. இன்-எச்.ஏ. பக்கம் மட்டும் மாற்றம் இருந்தால் எதிர்ப்பு மிதமாக இருக்கும். மருந்தின் அளவைக் கூட்டினால் சில நேரம் பலிக்கும். ஆய்வகம் தரும் மரபணு அறிக்கையில் இந்த இரண்டு பெயர்களையும் தனித்தனியாக எழுதுவது இதனால்தான். இன்னொரு வேறுபாடு நோயாளியின் கல்லீரலில் இருக்கிறது. சிலருக்கு ஐசோனியாசிட் விரைவாகச் சிதையும், சிலருக்கு மெதுவாக. வாரம் ஒரு முறை மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்த சென்னை ஆய்வுகளில், விரைவாகச் சிதைப்பவர்களுக்குப் பலன் குறைந்தது.

எத்தாம்பியூட்டால் சர்க்கரைக் கிளையைக் கட்டும் எம்ப் என்சைம்களைத் தடுக்கிறது. மைக்கோலிக் அமிலம் தொங்குவதற்கு இடமில்லாமல் போகிறது, உறை தளர்கிறது, கூடப் போகும் மருந்துகளுக்கும் வழி கிடைக்கிறது. தனியாகப் பெரிய கொலையாளி அல்ல. சேர்க்கையில்தான் அதன் மதிப்பு. கண் நரம்பைப் பாதிக்கலாம், சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு மங்கலாம். கொலுப் பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிறவர் இதை மற்றவர்களுக்கு முன்பே உணரக்கூடும். உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய அறிகுறி இது.

ரிஃபாம்பிசின் கொழுப்பில் கரைவது. உறையைத் தாண்டி ஆர்.என்.ஏ. செய்யும் என்சைமைப் பிடிக்கிறது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்கள் உண்டு, பயப்பட ஒன்றுமில்லை.

பைராசினமைடுதான் இந்த வரிசையில் புதிரான மருந்து. அமிலத்தன்மை உள்ள இடத்தில்தான் அது சிறப்பாக வேலை செய்கிறது. கிருமிக்குள் போய், பிஎன்சி-ஏ என்சைமால் பைராசினோயிக் அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் சவ்வின் குறுக்கே இருக்கும் புரோட்டான் ஏற்றத்தாழ்வைக் கெடுத்து, சவ்வின் ஆற்றலையே வற்றச் செய்கிறது என்ற விளக்கம் பல ஆண்டுகள் பாடப்புத்தகங்களில் நின்றது. அண்மைய ஆய்வுகள் பான்-டி என்ற என்சைமையும், அதன் வழியே கோஎன்சைம் ஏ தயாரிப்பையும் சுட்டுகின்றன. சவ்வு விளக்கம் முழுதும் தோற்றதாக நான் கருதவில்லை. ஆனால் முதலிடம் இப்போது பான்-டிக்குத்தான். எது எப்படியிருந்தாலும் ஒன்பது மாத மருத்துவம் ஆறு மாதமாகக் குறைந்தது, ரிஃபாம்பிசினோடு இதைச் சேர்த்ததால்தான்.

சவ்வே இலக்கு என்று துணிந்து சொல்லக்கூடிய மருந்து பெடாகுயிலின். 2005இல் ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 2012 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி. புதிய வகைக் காசநோய் மருந்து ஒன்று வந்து அப்போது நாற்பது ஆண்டு ஆகியிருந்தது. செல் சவ்வில் பதிந்து சுழலும் ஏ.டி.பி. சிந்தேஸ் என்ற இயந்திரத்தின் சுழல்வளையத்தை இது பிடித்து நிறுத்துகிறது. தூங்கும் கிருமிக்கும் உயிர்வாழக் கொஞ்சம் ஆற்றல் வேண்டும். அதனால் வளராமல் கிடக்கும் கிருமியும் இதற்குத் தப்பவில்லை. இந்தியாவில் இதன் பயன்பாடு 2016இல் ஆறு மையங்களில் கட்டுப்பாட்டோடு தொடங்கியது. 2023 மார்ச்சில் இதன் காப்புரிமையை நீட்டிக்கும் கோரிக்கையை இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. அந்த நீட்டிப்பை எதிர்த்து வழக்காடியவர்கள் மருந்தெதிர்ப்புக் காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள்: மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலே. சவ்வைப் பற்றிய ஆராய்ச்சியைவிட அந்த வழக்கு ஏழை நோயாளிக்குக் குறைந்த உதவி செய்யவில்லை.

டெலாமனிட், ப்ரெட்டோமனிட் இரண்டும் மீண்டும் மைக்கோலிக் அமிலத்தைத் தடுப்பவை. க்ளோஃபசிமைன் கொழுப்பில் அவ்வளவு கரைவதால் சவ்வுகளிலும் தோலிலும் தங்கிவிடுகிறது. நோயாளியின் தோல் கருப்பது அதனால்தான். பெடாகுயிலின், ப்ரெட்டோமனிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் சேர்ந்த ஆறு மாதச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. இந்தியா 2024இல் ஏற்றது. முன்பு மருந்தெதிர்ப்புக் காசநோய்க்கு இரண்டு ஆண்டு வரை ஊசியும் மாத்திரையுமாக இழுத்தார்கள். ஆனால் கிருமியும் சும்மா இருக்கவில்லை. சவ்வில் இருக்கும் வெளியேற்றுப் பம்பு ஒன்றைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் மாற்றம் வந்தால், பெடாகுயிலினையும் க்ளோஃபசிமைனையும் ஒருசேர வெளியே தள்ளிவிடுகிறது. புது மருந்தையும் அரைகுறையாகக் கொடுத்தால் பழைய கதைதான்.

இதுவரை கிருமியின் சவ்வுகள். ஆனால் கிருமி தனியாகக் கிடப்பதில்லை. நுரையீரலின் மேக்ரோஃபேஜ் செல்கள் அதை விழுங்கி, பாகோசோம் என்ற பைக்குள் அடைக்கின்றன. அந்தப் பைக்குச் சவ்வு உண்டு, செல்லுக்கும் சவ்வு உண்டு. கிருமி தன் இ.எஸ்.எக்ஸ்-1 அமைப்பைக் கொண்டு அந்தப் பையின் சவ்வையே ஓட்டையாக்கப் பார்க்கிறது. இங்கேதான் விருத்தாசலத்துக் குவார்ட்ஸ் குறுக்கே வருகிறது. மூச்சில் போன சிலிக்கா நுண்துகளையும் இதே மேக்ரோஃபேஜ்கள்தான் விழுங்குகின்றன. விழுங்கிய துகள் செல்லின் செரிமானப் பையான லைசோசோமின் சவ்வைக் கிழிக்கிறது. செல் அழற்சிச் சமிக்ஞையை விட்டு இறக்கிறது; வெளியே வந்த துகளை அடுத்த செல் விழுங்குகிறது. ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் நுரையீரலில் முடிச்சு முடிச்சாகத் தழும்பு விழும். அதுதான் சிலிக்கோசிஸ். காசநோய்க் கிருமியை அடக்க வேண்டிய அதே காவல் செல்களைத் தூசு ஏற்கெனவே தளர்த்திவிட்டிருக்கிறது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களைப் பல ஆண்டு தொடர்ந்த ஆய்வில் சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. வேலையை விட்ட பிறகும் ஆபத்து நீங்கவில்லை.

தழும்பேறிய இடத்தில் ரத்தக் குழாய் குறைவு. மருந்து ரத்தத்தோடு வந்து, தழும்பைக் கடந்து, பாலாடைக்கட்டி போல் உறைந்த கேசியம் என்ற இறந்த திசுவையும் கடந்து, பிறகே கிருமியின் உறையை அடைய வேண்டும். எல்லா மருந்தும் ஒரே மாதிரிக் கடப்பதில்லை என்று 2015இல் நோயாளிகளின் நுரையீரல் திசுக்களில் அளந்து காட்டினார்கள். ரிஃபாம்பிசினும் பைராசினமைடும் கேசியத்துக்குள் போய்ச் சேர்கின்றன. மாக்சிஃப்ளாக்சசின் ஓரத்துச் செல்களிலேயே பெரிதும் நின்றுவிடுகிறது. சோதனைக் குழாயில் கொல்லும் மருந்து நோயாளியிடம் தடுமாறுவதற்கு இதுவும் காரணம்.

இனி சென்னைக்கு வருவோம். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மூன்றும் சேர்ந்து சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சி. வாலஸ் ஃபாக்ஸ் வழிநடத்திய முதல் ஆய்வில் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவரை வீட்டிலும் வைத்து, ஐசோனியாசிட்டும் பாஸ் மருந்தும் ஓராண்டு கொடுத்தார்கள். நெரிசலான வீட்டில் சத்துக் குறைந்த சாப்பாட்டோடு இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள். 1959இல் வெளிவந்த இந்த முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது.

அதே மையம், ஹாங்காங் மார்பு நோய்ச் சேவையோடும் பிரிட்டிஷ் கழகத்தோடும் சேர்ந்து 1991இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டது. நோயாளிகள் எல்லாரும் சிலிக்கோசிஸும் காசநோயும் சேர்ந்து வந்தவர்கள். நான்கு மருந்துகள், வாரம் மூன்று முறை. சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு எட்டு மாதம். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது ஆறு மாதக்காரர்களில் 22 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியிருந்தது. எட்டு மாதக்காரர்களில் 7 சதவீதம். மறு ஆண்டு இதே கூட்டணி சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்குத் தடுப்பு மருந்து கொடுத்துப் பார்த்த முடிவை வெளியிட்டது. ஐந்து ஆண்டில் மருந்தில்லா மாத்திரை சாப்பிட்டவர்களில் 27 சதவீதத்தினருக்கும், தடுப்பு மருந்து சாப்பிட்டவர்களில் 13 சதவீதத்தினருக்கும் காசநோய் வந்தது. பாதியாகக் குறைந்தது உண்மை. அந்த 13 சதவீதமும் மிக அதிகம் என்பதும் உண்மை. தூசு உள்ளே இருக்கும்வரை மருந்தால் ஓரளவுதான் முடியும்.

எட்டு மாதக் கணக்கை அப்படியே எல்லாருக்கும் நீட்டிவிடலாமா? எனக்குத் தயக்கம் உண்டு. அந்த ஆய்வு வாரம் மூன்று முறை மருந்தில் நடந்தது. இந்தியா 2017 முதல் தினசரி மருந்துக்கு மாறிவிட்டது. கல்லீரல் பாதிப்பையும் பார்க்க வேண்டும். ஆனாலும் அமெரிக்க வழிகாட்டிகள் சிலிக்கோசிஸோடு வரும் காசநோய்க்கு இரண்டு மாதமாவது கூட்டச் சொல்வது இந்தச் சான்றை வைத்துத்தான். நோயாளிக்கு சிலிக்கோசிஸ் இருக்கிறது என்று தெரிந்தால்தான் இந்த முடிவையே எடுக்க முடியும். இன்னொரு பக்கம், சிலிக்கோசிஸின் முடிச்சுகள் எக்ஸ்ரேயில் காசநோய் போலவே தெரிந்து, சளியில் கிருமி இல்லாதவருக்கும் மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுப்பதும் நம் நாட்டில் நடக்கிறது. இரண்டு தவறுக்கும் வேர் ஒன்று: என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்காதது.

பீங்கான் பட்டறையில் ஆபத்து எல்லா இடத்திலும் ஒரே அளவு இல்லை. தண்ணீரோடு அரைக்கும்போதும் குழம்பாக ஊற்றும்போதும் தூசு குறைவு. குவார்ட்ஸ் மாவு மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போதும், காய்ந்த பொருளை ஓரம் தேய்க்கும்போதும், தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கும்போதும்தான் கண்ணுக்குத் தெரியாத துகள் மேலே எழுகிறது. உயர் வெப்பத்தில் சுட்ட பொருளிலும் பழைய சூளைச் செங்கல்லிலும் கிரிஸ்டோபலைட் உருவாகியிருக்கலாம். அதைத் தேய்ப்பது இன்னும் மோசம். முகத்தில் கட்டும் துண்டு இந்த நுண்துகளைத் தடுக்காது. ஈரத் துணியால் துடைப்பது, தேய்க்கும் இடத்தில் காற்றை உறிஞ்சி வெளியேற்றுவது, தரமான முகக்கவசம் ஆகியவையே தடுக்கும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சிலிக்கோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக வைத்தது. ஆனால் மின்சாரம் வைத்துப் பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் இடம் பொதுவாக அந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றது. பொம்மையும் அகல் விளக்கும் செய்யும் சிறு பட்டறைகளுக்குச் சட்டம் எட்டாததற்கு இது ஒரு காரணம்.

வழிகாட்டுதல் இல்லாமல் இல்லை. சிலிக்கா தூசில் வேலை செய்கிறவர்களையும் செய்தவர்களையும் காசநோய்க்கு முறையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலும் 2021இலும் வலியுறுத்தியது. 2021ஆம் ஆண்டின் இந்தியத் தடுப்பு மருத்துவ வழிகாட்டியும் சிலிக்கோசிஸ் உள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டது. தமிழ்நாடு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் எடை, மூச்சு, எழுந்து நிற்கும் வலு மூன்றையும் நோய் கண்ட உடனேயே பார்த்து, ஆபத்தில் உள்ளவரை மருத்துவமனையில் சேர்க்கிறது. அருமையான ஏற்பாடு. அதே மேசையில் இன்னொரு கேள்வியும் சேர வேண்டும். பதிவில் தொழில் என்ற இடத்தில் கூலி என்று மட்டும் எழுதினால், பால் மில்லில் மாவு கொட்டியவரும் கரும்பு வெட்டியவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். இருவர் நுரையீரலும் ஒன்றல்ல.

செராமிக் பட்டறையில் ஓராண்டாவது வேலை செய்திருந்து, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனைக்குப் போகும்போதே என்ன வேலை, எத்தனை ஆண்டு, எந்தப் பகுதியில் என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். மருந்து முடிந்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு ஆண்டு வரை பரிசோதனைக்குப் போங்கள். அந்தத் தொடர் பரிசோதனை தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்திலேயே இருக்கிறது, இலவசமும்கூட.